படகுத் தளமும் பழுப்புத் தண்ணீரும்

1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று அசையவில்லை. அல்சூர் ஏரியில் தண்ணீர் இறங்கி, கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜீவனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுன் வழியாக நடந்தே வந்த ரஞ்சிதம், ஏரிக்கரைக் கிளப்பின் பின்வாசலில் செருப்பைக் கழற்றி மண்ணை உதறிக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் பிரிஜெட் குறுக்கே வந்து நின்றாள்.

"ரஞ்சிதம், பக்கெட்டைத் தொடாத. உம்மேல புகார் எழுதியிருக்காங்க."

"என்னான்னு?"

"படகோட தளத்தை நீ கெடுத்துட்டியாம். முரட்டுத்தனமாத் தேய்ச்சு மரத்தையே பள்ளம் பள்ளமா ஆக்கிட்டியாம். செக்ரெட்டரி சார் சிவப்பு மையில எழுதி வெச்சிருக்காரு."

"நான் பள்ளம் பண்ணேனா? என் கையில இருக்கிற பிரஷ்ஷைப் பாருக்கா. குழந்தைக்குத் தலை சீவலாம் இதால."

"சும்னே இரு. சத்தம் போடாத. உள்ள ஆளு இருக்காங்க."

ரஞ்சிதம் சும்மா இருந்தாள். சிவப்பு மை என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கிளப்பைப் பெருக்கித் துடைக்கும் பெண்கள் கிளப்பின் ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஆட்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த நிறுவனத்தின் ஆள் வந்து புகார்ப் புத்தகத்தைப் புரட்டுவான். எவள் பெயரில் சிவப்பு வரி இருக்கிறதோ, அவள் மறுநாள் வரவேண்டியதில்லை. வேறு எந்த இடத்திற்கும் அவளை அனுப்பமாட்டார்கள். அந்த ஆள் மார்ச்சு முப்பத்தொன்றாம் நாள் வருவான். ஐந்தாண்டுகளில் ரஞ்சிதத்தின் பெயரில் கறுப்பு மையில்கூட ஒரு வரி எழுதப்பட்டதில்லை. இப்போது எழுதப்பட்டிருந்தது. அந்த வரி இன்னும் பதினாறு நாள்களுக்குள் அடிக்கப்பட வேண்டும். அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கிளப்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அதன் உறுப்பினர்கள் நங்கூரப் படம் நெய்த கழுத்துப்பட்டை அணிவார்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்கு நீந்தத் தெரியாது. ஊருக்கும் கடலுக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயினும், 1994இல் கொச்சியிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட பழைய படகுக்கு அவர்கள் 'சீ குவீன்' என்று பெயர் சூட்டினார்கள். தேக்குப் பலகை பாவிய தளம், பலகைகளுக்கு இடையே கறுப்பு ரப்பர்க் கோடுகள், இருபுறமும் நீண்ட தேக்கு இருக்கைகள். உண்மையிலேயே நல்ல படகு. ஆண்டுக்கு ஒருநாள், கிளப் ஆண்டு விழாவன்று, தலைமை விருந்தினரை ஏற்றிக்கொண்டு அது ஏரியின் நடுத்தீவை ஒருமுறை சுற்றிவரும். இருபது நிமிடப் பயணம். எஞ்சிய முந்நூற்று அறுபத்து நான்கு நாள்களும் கரையில் கட்டிக் கிடக்கும். உறுப்பினர்கள் அதன்மேல் உட்கார்ந்து, குடித்து, கடற்பயணங்களைப் பற்றிப் பேசுவார்கள்.

படகு வந்த அதே மாதத்தில்தான் ரஞ்சிதமும் வந்தாள். கோலார் தங்கவயலில் பிறந்தவள். பெற்றோர் குடியாத்தம் பக்கம். கணவன் தாஸ் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலையில் இருந்தான். 1992இல் விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து, விருப்பம் இல்லாதவர்களையும் வீட்டுக்கு அனுப்பியபோது அவனும் வெளியே வந்தான். இப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி. கிளப்பில் சேர்ந்த முதல் நாள் ரஞ்சிதத்துக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை, "படகு பளபளன்னு இருக்கணும்" என்பது மட்டுமே. எதைக் கொண்டு, எப்படி என்று சொல்ல அங்கே எவருக்கும் தெரியவில்லை.

பாத்திரம் துலக்குகிறவளுக்குத் தெரிந்தபடி, தேங்காய் நாரை எடுத்து அழுந்தத் தேய்த்தாள். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. எவ்வளவு அழுக்கு என்று மலைத்தாள். மறுநாளும் அதே நிறம். மூன்றாம் நாளும் அதே நிறம். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எந்த அழுக்கும் மூன்று நாள் தேய்த்தும் குறையாமல் இருக்காது. வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தாள். தச்சுப் பட்டறையில் மரத்தூளருகே நிற்பதுபோல் வாசனை அடித்தது. நாரைத் தூக்கி எறிந்தாள். அன்று ஒரு மணிநேரம் தளத்தின் ஒரு முழப் பகுதியில் பலவாறு தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மென்மையான பிரஷ்ஷைக் கொண்டு மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் தேய்த்தால் தண்ணீர் பழுப்பாக வந்தது. ரேகைக்குக் குறுக்கே, கையை அழுத்தாமல் தேய்த்தால் கறுப்பாக வந்தது.

"கறுப்பா வந்தா அழுக்கு, பழுப்பா வந்தா மரம்" என்று அன்றிரவு தாஸிடம் சொன்னாள்.

"படகுக்காரன் எவனாச்சும் சொன்னானா?"

"வாளி சொல்லிச்சு."

அதன்பின் அவள் முறை மாறவேயில்லை. செவ்வாயும் வெள்ளியும், வெயில் ஏறுமுன் தளத்தை நனைப்பாள். பூந்திக்கொட்டைத் தண்ணீர் தெளிப்பாள். குறுக்கே தேய்ப்பாள். வாளியைப் பார்ப்பாள். பழுப்பு தட்டத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுவாள். மூன்றாண்டுகளில் தளம் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. பூஞ்சை இல்லை, சிலாம்பு இல்லை. மழையில் நனைந்தாலும் கால் வழுக்கவில்லை. தேக்கு வெயிலிலும் மழையிலும் கிடந்தால் அந்த நிறத்துக்குத்தான் வரும்; வந்தபின் அதற்கு ஒரு குறையும் இல்லை. எவரும் வழுக்கி விழாததனால், எவரும் அந்தத் தளத்தைக் கவனிக்கவும் இல்லை.

கவனித்தது ஒரு புகைப்படம். 1998ஆம் ஆண்டின் கிளப் இதழில் வெளியான வண்ணப் படத்தில் படகு சாம்பல் பூசியதுபோல் தெரிந்தது. தலைவர் உத்தமனுக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டி விற்பவர். எந்தப் பொருளும் விற்பனைக்கு வைத்ததுபோல் இருந்தால்தான் அவருக்குப் பிடிக்கும். தேக்கு என்றால் பொன்னிறம், பொன்னிறம் இல்லையென்றால் பராமரிப்பு இல்லை என்று முடிவு செய்தார். அவருடைய தங்கை மகன் அஷ்வின், சிங்கப்பூரில் மூன்று நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்து, 'மரப் பராமரிப்பு ஆலோசகர்' என்று அட்டை அடித்து வைத்திருந்தான். அதற்கு முன் அவன் நடத்தியது கார் கழுவும் நிலையம். ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நிலையத்தின் பிரஷர் மெஷினோடு அவன் வந்து இறங்கினான். மெஷினின்மேல் கார்ப் படம் ஒட்டியிருந்ததைக்கூட அவன் கிழிக்கவில்லை.

உறுப்பினர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். தண்ணீர் சீறி அடித்தது. தளத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டி ஏரியில் கலந்தது. அடிபட்ட இடமெல்லாம் பொன்னிறமாக மாறியது. கைதட்டினார்கள்.

"பாருங்க சார், பாருங்க, அஞ்சு வருஷ அழுக்கு!" என்று கூவினார் செயலாளர் குணசேகர்.

கூட்டத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு நின்ற ரஞ்சிதத்தால் வாயை அடக்க முடியவில்லை. "சார், அது அழுக்கு இல்ல. மரம் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அஷ்வின் மட்டும் சிரிக்காமல், நோயாளியிடம் மருத்துவர் பேசுவதுபோல் பேசினான். "ஆன்ட்டி, இது சயின்ஸ். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல தண்ணி படும்."

"தண்ணி பட்டுக் கரையறதுக்கு நான் என்ன உப்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் நகர்ந்தாள். இவ்வளவு படித்தவர்கள் ஒன்றுகூடி உட்கார்ந்து, தங்கள் படகு கரைந்து ஏரியில் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டுவதை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

பொன்னிறம் நாற்பது நாள் இருந்தது. அதற்குள் புகைப்படம் எடுத்துவிட்டார்கள். பிறகு தளம் தன் உண்மையைக் காட்டத் தொடங்கியது. ரேகைகளுக்கு இடையே இருந்த மென்மையான பகுதியை மெஷின் தோண்டி எடுத்திருந்தது. கடினமான ரேகைகள் மட்டும் மேடு மேடாக நின்றன. ரப்பர்க் கோடுகள் பலகைக்கு மேலே விலா எலும்புபோல் துருத்தின. பள்ளங்களில் கரும்பூஞ்சை குடியேறியது. மார்ச்சு பதினான்காம் நாள் மாலை, உறுப்பினர் ஒருவருடைய மனைவியின் குதிகாலணி ரப்பர்க் கோட்டில் மாட்டிக்கொண்டது. அந்த அம்மையார் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரின் மடியில் போய் விழுந்தார். மேஜர் வருத்தப்படவில்லை, கணவர் வருத்தப்பட்டார். அன்றிரவே உத்தமன் தொலைபேசியில் செயலாளரை அழைத்தார். யார் தேய்த்தது என்று கேட்டார். ரஞ்சிதம் என்றார் செயலாளர். எழுதிவிடுங்கள் என்றார் தலைவர். ஒரு படகின் தளத்துக்கு நேர்ந்த கேட்டை ஆராய்வதற்கு அந்தக் கிளப்புக்கு வேண்டியிருந்த நேரம் அவ்வளவுதான்.

புகார்ப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ரஞ்சிதம் தங்கவயலில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். "முழுசாப் படிச்சுச் சொல்லுக்கா, அட்டையில இருந்து" என்று பிரிஜெட்டைக் கேட்டாள். அட்டையின் உட்புறத்தில் விதிகள் அச்சிடப்பட்டிருந்தன. புகார் எழுதப்பட்டவரை ஏழு நாள்களுக்குள் நிர்வாகக் குழு நேரில் விசாரிக்க வேண்டும் என்பது நான்காம் விதி. கிளப் தொடங்கிய நாளிலிருந்து எவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ரஞ்சிதம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு செயலாளரின் அறைக்குப் போனாள்.

குணசேகர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மனிதர்கள் சொல்வதை அவர் பொருட்படுத்துவதில்லை. அச்சில் இருப்பதை மறுக்க அவருக்குத் துணிவு கிடையாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதியை இருமுறை படித்தார். "வெள்ளிக்கிழமை பதினோரு மணி. லேட்டா வரக்கூடாது" என்றார்.

"நான் என்னிக்கு சார் லேட்டா வந்தேன்? நீங்க வரும்போது நான் பெருக்கி முடிச்சிருப்பேன்."

வெள்ளிக்கிழமை விசாரணை படகுத்துறைத் தாழ்வாரத்தில் நடந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, கட்லெட், குளிர்ந்த மோர். தலைவர் நடுவில் உட்கார்ந்தார். செயலாளர் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அஷ்வினும் வந்திருந்தான். விசாரணைக்காக வரவில்லை, ஆண்டு விழாவுக்கு முன் இரண்டாவது முறை மெஷின் அடிப்பதற்காக வந்திருந்தான். முதல் முறையில் அழுக்கு முழுவதும் போகவில்லை என்பது அவனுடைய கண்டுபிடிப்பு.

"என்னம்மா, என்ன சொல்ற?" என்றார் உத்தமன்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். இறங்கி வந்து பாருங்க."

வேட்டியையும் கால்சட்டையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதர்கள் படகில் இறங்கினார்கள். ரஞ்சிதம் இருக்கைக்கு அடியில் கையை நுழைத்துத் தளத்தைத் தடவினாள். "இங்க தொட்டுப் பாருங்க. மெஷின் குழாய் இதுக்குள்ள நுழையல. வழவழன்னு இருக்கா? இங்கயும் அஞ்சு வருஷம் நான்தான் தேய்ச்சேன். இதே கை, இதே பிரஷ். நான் கெடுத்திருந்தா இதுவும் இல்ல கெட்டிருக்கணும்?"

குணசேகர் குனிந்து தொட்டார். உத்தமன் தொடவில்லை. கட்டடம் கட்டுபவர் அல்லவா, விரிசலுக்கு விளக்கம் சொல்லிப் பழகியவர். "அங்க நிழல். மத்த இடத்துல வெயில். அவ்ளோதான் விஷயம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய உதவி செய்கிறவர்போல் சொன்னார்: "இதப் பாரும்மா. யார்மேலயும் தப்பில்ல, வெயில்ல மரம் கெட்டுப்போச்சுன்னு நீயே சொல்லிடு. அந்தச் சிவப்பு வரியை இப்பவே அடிச்சுடச் சொல்றேன். நீயும் நிம்மதியா இருக்கலாம், நாங்களும் நிம்மதியா இருக்கலாம்."

ரஞ்சிதம் உண்மையிலேயே யோசித்தாள். ஒரு வாக்கியம், சொல்லிவிட்டால் வரி போய்விடும், வேலை நிலைக்கும். முப்பத்தொன்றாம் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆனால், தாழ்வாரத்தின் ஓரத்தில் மெஷின் நின்றுகொண்டிருந்தது. மதியம் அது ஓடும். பழுப்புத் தண்ணீர் கொட்டும். இன்னும் இரண்டு மாதத்தில் வேறொருத்தியின் காலணி மாட்டும். அப்போது இவர்கள் வெயிலைத் தேடிப் போகமாட்டார்கள், மறுபடி தன்னிடம்தான் வருவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கும் மேலாக, அந்த வாக்கியத்தைச் சொல்ல நினைத்தபோதே வாய் கசந்தது.

"வெயில் படகு வந்த நாள்ல இருந்து அடிக்குது சார்" என்றாள். "அதுமேல வேணும்னா தனியா ஒரு புகார் எழுதிக்குங்க. என்னை எதுக்கு அதுக்குச் சாட்சி கூப்பிடுறீங்க?"

பிரிஜெட் வாயைப் பொத்திக்கொண்டாள். குணசேகர் கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு கிளாஸ் குடுங்க" என்றாள் ரஞ்சிதம். "நான் ஒரு சாண் இடம் தேய்க்கிறேன். தம்பி ஒரு சாண் இடம் மெஷின் அடிக்கட்டும். வர்ற தண்ணியை ஆளுக்கொரு கிளாஸ்ல பிடிச்சு வெக்கலாம்."

"வித் பிளெஷர், ஆன்ட்டி" என்றான் அஷ்வின். தன் சயின்ஸைக் காட்ட வாய்ப்புக் கிடைத்ததில் அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. உத்தமன் கண்ணைக் காட்டித் தடுக்கப் பார்த்தார். மருமகன் கண்ணைப் பார்க்கவில்லை. மெஷினின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதுக்கூடத்திலிருந்து இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள் வந்தன. ரஞ்சிதம் குறுக்கே தேய்த்தாள். பிழிந்த துணியிலிருந்து தண்ணீரைக் கிளாஸில் வடித்தாள். மெஷின் ஒரு நிமிடம் சீறியது. வழிந்த தண்ணீரைப் பிரிஜெட் பிடித்தாள். இரண்டையும் வெள்ளைத் துணியின்மேல் வைத்தார்கள். ஒன்று மழைக்காலச் சாக்கடைபோல் கறுத்திருந்தது. மற்றொன்று அந்தக் கிளப்பில் மாலை நேரங்களில் எல்லோருடைய கையிலும் இருக்கும் பானத்தைப்போலவே இருந்தது.

"ஐஸ் போடணுமா சார்?" என்று பரிசாரகன் கேட்டுவிட்டான்.

கால் மணிநேரம் காத்திருந்தார்கள். கட்லெட் தீர்ந்தது. கறுத்த கிளாஸின் அடியில் மெல்லிய சேறு படிந்தது. பழுப்புக் கிளாஸின் அடியில் பட்டைத்தூள் போல ஒன்று, விரற்கடைக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்குப் படிந்தது. குணசேகர் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"இது மரம்" என்றார்.

"ஜனவரியில நீங்க அஞ்சு வருஷ அழுக்குன்னு சொன்னீங்களே சார், அதேதான்" என்றாள் ரஞ்சிதம்.

அவர் அதைக் கேட்காதவர்போல் பேனாவைத் திறந்தார். நியாயத்தின்மீது அவருக்கு அன்று பெருகிய பற்றுக்கு ஒரு காரணம் இருந்தது. ஏப்ரல் மாதம் கிளப் தேர்தல். தலைவர் பதவிக்கு உத்தமனை எதிர்த்து நிற்பதாக அவர் மனத்துக்குள் முடிவு செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தலைவரின் தங்கை மகன் கார் கழுவும் மெஷினால் கிளப்பின் படகைக் கரைத்துவிட்டான் என்பதைக் கிளப்பின் புத்தகத்திலேயே எழுதும் வாய்ப்பு அவருக்கு மடியில் வந்து விழுந்தது. அந்த மாதிரி மனிதர்களிடமிருந்து நியாயம் கிடைப்பதென்றால் அப்படித்தான் கிடைக்கும். ரஞ்சிதம் அதற்காக அதை வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆயினும், எழுதியதைப் படிக்கச் சொன்னாள். "புகார் நிரூபிக்கப்படவில்லை" என்று பிரிஜெட் தமிழில் சொன்னாள்.

"அது போதாது சார். நான் செஞ்சு மாட்டிக்காம தப்பிச்ச மாதிரி இருக்கு. நான் செய்யலைன்னு எழுதுங்க. எது செஞ்சுதுன்னும் எழுதுங்க."

"இது ரொம்ப ஓவர்" என்றார் உத்தமன்.

"மெஷின்னு எழுதினா மெஷின் கோவிச்சுக்கப் போவுதா சார்?"

குணசேகர் எழுதினார். ரஞ்சிதம் குற்றமற்றவர் என்றும், தளத்தின் சேதம் பிரஷர் மெஷினால் நேர்ந்தது என்றும் எழுதி, பழைய சிவப்பு வரியின்மேல் அளவுகோலை வைத்துக் குறுக்கே கோடு இழுத்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிரிஜெட் இரண்டு முறை படித்துக் காட்டினாள். ரஞ்சிதம் தலையசைத்துவிட்டு, தன் பிரஷ்ஷை எடுத்து உதறினாள். எவரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிப்பார்கள் என்று அவளும் நிற்கவில்லை.

அவள் படியிறங்கும்போது உத்தமன் கூப்பிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது. ஆண்டு விழாவுக்கு அமைச்சர் ஒருவர் வருவதாக அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அஷ்வின் வார்னிஷ் அடிக்கலாம் என்றான். மணற்காகித மெஷின் கொண்டுவந்து மேட்டையெல்லாம் சீவிவிடலாம் என்றார் ஒருவர். பச்சைக் கம்பளம் விரித்து மூடிவிடலாம் என்றார் இன்னொருவர். எல்லோரும் பேசி ஓய்ந்தபின், தலைவர் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

"சரிம்மா, நீயே சொல்லு. இந்தத் தளத்தை இப்ப என்னதான் செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க, சார். இருக்கிற மரமாச்சும் மிஞ்சட்டும்."